ஹெர்த்தா அயர்ட்டன் அம்மையார்

பெண்களுக்கு யந்திர வித்தை எதற்கு என்று வினவுவோர் நமது தேசத்தில் இன்னும் ஒழிந்துவிடவில்லை. மகளை எஞ்சினியரிங் கலாசாலையில் சேர்க்க மனங்கொண்ட தகப்பனாரைக் கண்டால், தொழிற்சாலையில் ஆடவர் நடுவே நின்று அவள் என்ன செய்யப் போகிறாள், கலியாணமான பின் இந்தப் படிப்பெல்லாம் எந்த மூலைக்கு என்று உபதேசிக்கப் பந்துக்கள் நாலு பேர் முன்வந்துவிடுகின்றனர். இவர்களுக்குத் தர்க்கத்தால் விடை கூறுவதினும் ஒருவருடைய ஜீவிய சரித்திரத்தால் விடை கூறுதல் நலமென்று கருதுகிறோம். ஹெர்த்தா அயர்ட்டன் அம்மையார் மின்சார சாஸ்திரத்தில் செய்தவற்றுள் பெரும்பகுதி, அவர் மனைவியாகவும் தாயாகவும் ஆன பின்னர்ச் செய்யப்பட்டதே.

அம்மையார் 1854-ஆம் வருஷம் ஏப்ரல் 28-ஆம் தேதி இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்ஸீ என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பீபி ஸாரா மார்க்ஸ். தந்தை போலந்து நாட்டினின்றும் ஓடிவந்த யூதர். கடிகார வேலை செய்து பிழைத்தவர். அவர் 1861-இல் இறந்தபோது வீட்டில் ஏழு குழந்தைகள், எட்டாவது வயிற்றில். தாயார் தையல் வேலையால் குடும்பத்தைத் தாங்கினார். லண்டனில் பள்ளிக்கூடம் நடத்திவந்த சகோதரி, ஸாராவைத் தம்மிடம் அனுப்பும்படி கேட்டபோது, மூத்த பெண்ணை வீட்டு வேலைக்கு நிறுத்திக்கொள்வதே எவருக்கும் தோன்றும் வழி. ஆனால் அத்தாய், உலகப் போராட்டம் பெண்ணுக்கே கடினமாகையால் கல்வியும் அவளுக்கே அதிகம் வேண்டுமென்று எண்ணி, ஒன்பது வயதுப் பெண்ணை அனுப்பிவைத்தார். பெரிய புஸ்தகங்களைப் படித்திராத அந்தத் தையற்காரியின் யோசனை நம்மில் பட்டதாரிகளான தகப்பன்மார் பலருக்கு இன்னும் எட்டவில்லை.

பதினாறாம் வயதில் ஸாரா பிறர் வீட்டுக் குழந்தைகளுக்கு உபாத்தியாயினியாகித் தம் சம்பாத்தியத்தில் வாழத் தொடங்கினார். பழைய ஜெர்மானியரின் பூமி தேவியின் பெயரான ஹெர்த்தா என்பது சிநேகிதி ஒருத்தி வைத்த பெயர், அதுவே நிலைத்தது. ஸ்திரீகளின் உரிமைக்காக உழைத்த பார்பரா போடிஷன் அம்மையாரும், ஜார்ஜ் எலியட் என்ற ஆண் பெயரில் நாவல்கள் எழுதிய மாதும் துணை நிற்க, கேம்பிரிட்ஜிலுள்ள கர்ட்டன் கலாசாலையில் சேர்ந்து கணிதம் பயின்றார். அங்கே நாடித் துடிப்பைப் பதிவு செய்யும் கருவியொன்றைச் செய்தார். மாணவிகளைக் கொண்டு தீயணைக்கும் படையொன்றையும் அமைத்தார். 1880-இல் கணிதப் பரீட்சையில் தேறினார். தேறியும் என்ன? பெண் என்ற காரணத்தால் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவருக்குப் பட்டம் அளிக்கவில்லை; பரீட்சையில் தேறியதற்கு ஒரு அத்தாட்சிப் பத்திரமே கொடுத்தது. அப்பழைய சர்வகலாசாலை தன் பட்டத்தைப் பெண்களுக்கு வழங்க 1948 வரை காத்திருந்தது. நம்மவர்க்கு நாகரிகம் கற்பிக்க வந்தவர்களின் வித்தியா பீடம் இது என்பதை நேயர்கள் மனத்தில் வைப்பார்களாக. ஹெர்த்தா லண்டன் சர்வகலாசாலையில் பரீட்சை கொடுத்து 1881-இல் பி. எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

1884-இல் ஒரு கோட்டை எத்தனை சம பாகங்களாகவும் பிரிக்கக்கூடிய கருவியொன்றைக் கண்டுபிடித்துப் பேடண்டு உரிமை பெற்றார். சித்திரக்காரர்க்கும் கட்டட நிபுணர்க்கும் பயன்படும் கருவி அது. அதற்கான பணத்தைக் கொடுத்துதவியவர்கள் போடிஷன் அம்மையாரும் லூயிஸா கோல்ட்ஸ்மிட் சீமாட்டியும். அவ்வருஷமே லண்டன் பின்ஸ்பரி தொழிற் கலாசாலையில் மின்சாரம் பற்றிய இரவு வகுப்புகளில் சேர்ந்தார். போதகர் வில்லியம் அயர்ட்டன். முன்னே நம் நாட்டுத் தந்தி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். மறு வருஷம் இருவருக்கும் விவாகம் நடந்தது. 1886-இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. வீட்டு வேலையும் குழந்தை வளர்ப்பும் சில வருஷ காலம் ஆராய்ச்சியைக் கட்டிப்போட்டன என்பதை மறைக்கத் தேவையில்லை. 1891-இல் போடிஷன் அம்மையார் இறந்தபோது எழுதிவைத்துப்போன பணத்தைக் கொண்டு வீட்டுக் காரியங்களுக்கு ஆள் வைத்த பிறகே அவருக்கு மீண்டும் கை ஒழிந்தது. பெண் மக்களின் மேல்படிப்பிற்கு நிதி திரட்டுவோர் இச்சிறு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கலாசாலைச் சம்பளம் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்ததென்று நினைக்கிறோம்; அடுப்பங்கரையிலிருந்து அவளை விடுவிக்கவும் பணம் வேண்டியிருக்கிறது.

அக்காலத்தில் வீதிகளுக்கு ஒளி தந்தவற்றுள் ஒன்று ஆர்க் விளக்கு. இரண்டு கரிக்கோல்களைச் சிறிது இடைவெளி விட்டு நிறுத்தி அவற்றினூடே மின்சாரம் செலுத்தினால், கண்ணைப் பறிக்கும் ஒளி உண்டாகும். ஆனால் அது சீறும், துடிக்கும், திடீரென்று நிறம் மாறும். இதன் காரணம் நிபுணர்களுக்கும் விளங்காதிருந்தது. அம்மையார் பொறுமையுடன் சோதனைமேல் சோதனை செய்து உண்மையைக் கண்டார். மின்சாரம் ஓர் அளவுக்கு மேற்பட்டால் கரிக்கோலின் நுனியிலுள்ள குழிவு ஓரத்தையும் தாண்டிப் பரவுகிறது. அப்போது காற்றிலுள்ள பிராணவாயு பழுக்கக் காய்ந்த கரியை நேரே தொட்டு அதனோடு கலக்கிறது. அதுவே சீறலுக்குக் காரணம். கோல்களின் இடைவெளி, மின்னழுத்தம், மின்னோட்டம் இம்மூன்றுக்குமுள்ள சம்பந்தத்தையும் ஒரு சூத்திரமாக வகுத்தார். 1899-இல் லண்டன் மின்சார எஞ்சினியர்கள் சங்கத்தில் தம் கட்டுரையைத் தாமே வாசித்தார். பெண்ணொருத்தி அங்ஙனம் வாசித்தது அதுவே முதல் தடவை. சங்கம் அவரைத் தன் முதல் பெண் அங்கத்தினராக ஏற்றது.

இச்சங்கத்தின் பெயரைச் சொல்லும்போது நம் ஊர் நினைவு வருகிறது. பதினெட்டு வயதில் கைக்குழந்தையுடன் விதவையாகி, தகப்பனார் போதகராயிருந்த கிண்டி எஞ்சினியரிங் கலாசாலையிலேயே பயின்று, 1943-இல் மின்சார எஞ்சினியராகத் தேறிய ஸ்ரீமதி ஏ. லலிதாவை 1953-இல் உப அங்கத்தினராக ஏற்றுக்கொண்டதும் இதே சங்கந்தான்.

எஞ்சினியர்கள் திறந்த கதவை விஞ்ஞானப் பண்டிதர்கள் திறக்கவில்லை. 1901-இல் ராயல் ஸொஸைட்டிக்கு அம்மையார் எழுதிய கட்டுரையை ஜான் பெர்ரி என்ற நண்பர் வாசிக்க வேண்டியதாயிற்று, ஸ்திரீகள் வாசிக்கலாகாதாம். மறு வருஷம் அவரை அச்சபையின் அங்கத்தினராக்க வேண்டுமென்று பிரேரிக்கப்பட்டது. சபையார் வக்கீல்களின் அபிப்பிராயத்தைக் கேட்டனர். சாஸனத்தின்படி விவாகமான ஸ்திரீயை அங்கத்தினராக்க இயலாதென்று வக்கீல்கள் எழுதிக் கொடுத்தனர். ஆங்கிலேயரின் பழைய வழக்குச் சட்டத்தில் மனைவிக்குத் தனி வியக்தி கிடையாது. அவள் புருஷனுக்குள் அடங்கியவள். நாமும் அத்தொழிலைச் சேர்ந்தவர்களாதலின் இவ்வபிப்பிராயத்தின் நயத்தை நன்கு உணர்கிறோம். 1882-ஆம் வருஷச் சட்டம் மனைவிக்குத் தன் சொத்தைத் தானே ஆளும் உரிமையைத் தந்துவிட்டது. அம்மையார் தம் பெயரிலேயே பேடண்டுகளை வைத்திருந்தார். இறப்பதற்குள் அவை 26 ஆயின. கட்டணம் வசூலிக்கும்போது சர்க்காருக்கு அவர் தெரிந்தார். கௌரவம் கொடுக்க வேண்டிய இடத்தில் மட்டும் சட்டத்தின் கண்ணில் படாமற் போய்விட்டார்! தமக்கு வேண்டிய விடையை முன்னரே தீர்மானித்துக்கொண்டு வக்கீலிடம் போகும் கட்சிக்காரர்களை நாம் அறியாதவர்களல்லர்.

அம்மையார் சும்மாயிருக்கவில்லை. கணவரின் தேக நலத்திற்காகக் கடற்கரையூரில் தங்கியிருந்தபோது மணலில் அலைகள் வரையும் வரிகள் அவர் கருத்தைக் கவர்ந்தன. நீர்த்தொட்டிகளில் மணலிட்டு அசைத்து அவ்வரிகள் பிறந்து வளரும் விதத்தை ஆராய்ந்தார். 1904-இல் அக்கட்டுரையை ராயல் ஸொஸைட்டியிலேயே தாமே வாசித்தார். அவ்விதம் வாசித்த முதல் பெண் அவரே. 1906-இல் அச்சபை தன் ஹியூஸ் பதக்கத்தை அவருக்கு அளித்தது. பதக்கத்துக்குத் தகுதியானவர் அங்கத்தினர் பதவிக்கு மட்டும் தகுதியற்றவர்!

மனைவியின் பெருமையைத் தம்முடையதென்று உலகம் சொல்லிவிடக் கூடாதென்பதற்காக அவருடன் கூட்டாக ஆராய்ச்சி செய்வதையே தவிர்த்துவந்த வில்லியம் அயர்ட்டன் 1908-இல் காலமானார். அத்தகைய புருஷர்கள் எந்த நாட்டிலும் அரியர்.

பெண்களுக்கு வாக்குரிமை கோரிய கிளர்ச்சியில் அம்மையார் முன்னணியில் நின்றார். 1910-ஆம் வருஷம் நவம்பர் 18-ஆம் தேதி பாங்க்ஹர்ஸ்ட் அம்மையாருடன் பார்லிமெண்டுக்குச் சென்ற தூதுக் கோஷ்டியில் அவரும் இருந்தார். போலீஸார் அன்று பெண்களை நடத்திய விதத்தால் அந்நாளுக்குக் கறுப்பு வெள்ளிக்கிழமை என்றே பெயர் வந்துவிட்டது. 1911-இல் ஜனக்கணக்கெடுப்புக் காகிதம் வந்தபோது, வாக்களிக்க அறிவில்லாதவளென்று சொல்லப்படும் தாம் இத்தனை கேள்விகளுக்கு எவ்வாறு விடையளிப்பது என்று எழுதி நிரப்ப மறுத்துவிட்டார். உபவாசமிருந்து சிறையினின்றும் விடுபட்ட பாங்க்ஹர்ஸ்ட் அம்மையாருக்கு அவர் வீட்டில் சிகிச்சை நடந்தது. 1912-இல் பத்திரிகைகளின் தூற்றலுக்குத் தப்பி இங்கிலாந்து வந்த கியூரி அம்மையாரும் வேறு பெயரில் அவருடன்தான் தங்கினார். ரேடியத்தைக் கண்டவர் கியூரி அம்மையாரின் கணவரென்று பத்திரிகைகள் எழுதியபோது கண்டித்தெழுதியவரும் இவரே.

1915-இல் ஜெர்மானியர் விஷப்புகையை ஏவியபொழுது, மணல் வரிகளில் கற்ற பாடத்தைக் கொண்டு, பதுங்குகுழிகளினின்றும் புகையை வெளியே தள்ளும் கைவிசிறியொன்றை அமைத்தார். யுத்த இலாகா முதலில் அதை மதிக்கவில்லை. பின்னர் ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட விசிறிகள் போர்முனைக்குச் சென்றன. அவற்றின் பயனைக் குறித்துச் சிப்பாய்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு.

பூச்சிக்கடியால் இரத்தத்தில் விஷமேறி 1923-ஆம் வருஷம் ஆகஸ்டு 26-ஆம் தேதி அம்மையார் காலமானார். ராயல் ஸொஸைட்டி முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1945-இல். அவ்வருஷமே அம்மையாரின் மகள் பார்பரா, தொழிற் கட்சியின் சார்பில் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.