குப்பை லாரியும் மார்ட்டின் லூதர் கிங்கும்

மார்ட்டின் லூதர் கிங்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வாஷிங்டன்ல லட்சக்கணக்கான ஜனங்க முன்னாடி தன் கனவைப் பத்திப் பேசினாரே, அதுதானே? அவர் மெம்பிஸ் நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனா அவர் மெம்பிஸுக்கு எதுக்குப் போனார்னு கேட்டா, நம்ம க்ளாஸ்ல பாதிப் பேர் முழிப்போம். மாநகராட்சியில் குப்பை அள்ளும் தொழிலாளர்களுக்காகப் போனார். அதுக்குப் பின்னாடி ஒரு பழுதான லாரி இருக்கு. மெஷின் பத்திப் படிக்கிற நாம அந்தக் கதையைக் கட்டாயம் தெரிஞ்சுக்கணும்.

முதல்ல ஆளைப் பத்திச் சுருக்கமா. 1929 ஜனவரி 15-ல் அட்லாண்டாவில் பிறந்தவர். அப்பாவும் தாத்தாவும் தேவாலயப் போதகர்கள். 15 வயசுல மோர்ஹவுஸ் கல்லூரிக்குப் போயிட்டார் (நாம பத்தாவது பரீட்சை எழுதுற வயசு!). 1955-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். அதே வருடம் டிசம்பரில், மாண்ட்கமரி நகரப் பேருந்துகளில் கறுப்பினத்தவர் எழுந்து இடம் கொடுக்க வேண்டும் என்ற விதியை எதிர்த்துப் புறக்கணிப்பு தொடங்கியது. 381 நாள் ஊரே நடந்து போச்சு. அதுக்குத் தலைமை தாங்கியபோது அவருக்கு 26 வயது. 1959-ல் காந்தியின் நாட்டைப் பார்க்கணும்னு வந்து, ஒரு மாதம் சுற்றி, நம்ம கன்னியாகுமரி வரைக்கும் வந்துட்டுப் போனார். 1963 வாஷிங்டன் பேரணியின் முழுப் பெயரைக் கவனிச்சிருக்கீங்களா? வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி. வேலைதான் முதலில். அடுத்த வருடமே நோபல் பரிசு, 35 வயதில்.

1964-லும் 1965-லும் சம உரிமைச் சட்டமும் வாக்குரிமைச் சட்டமும் வந்துவிட்டன. அத்தோடு ஓய்ந்திருந்தால் அவருக்கு எல்லாப் பக்கமும் நல்ல பேர்தான். ஆனால் வறுமை அப்படியே இருந்தது. எல்லா இனத்து ஏழைகளையும் திரட்டித் தலைநகருக்குக் கொண்டுபோக அவர் திட்டம் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் மெம்பிஸில் அந்த விபத்து நடந்தது.

1968 பிப்ரவரி 1. நல்ல மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் லாரியின் பின்பக்கம், குப்பை போடும் பகுதிக்குள் ஏறி நின்றார்கள். முன்னால் டிரைவர் பக்கத்தில் இடமில்லை. மழைன்னு வீட்டு வாசல்ல ஒதுங்கினா வெள்ளைக்காரக் குடியிருப்புகள்ல புகார் போகும். திடீர்னு குப்பையை அழுத்தும் இயந்திரம் தானாக ஓட ஆரம்பித்தது. மின் கோளாறு. டிரைவர் நிறுத்தப் பார்த்தும் நிற்கவில்லை. இரண்டு பேரும் நசுங்கி இறந்துபோனார்கள்.

யாரும் எதிர்பாராத கோளாறுன்னு நினைச்சுடாதீங்க. அந்தப் பழைய வண்டிகள் ஆபத்தானவை என்று தொழிலாளர்கள் ஏற்கனவே புகார் சொல்லியிருந்தார்கள். சொன்னவங்க பேச்சைக் கேட்கணும்னு நிர்வாகத்துக்கு எந்தக் கட்டாயமும் இல்லை, ஏன்னா சங்கத்துக்கு அங்கீகாரமே கிடையாது. எனக்கு இந்த இடம்தான் திரும்பத் திரும்ப மனசுல ஓடுது. மெஷின் கெட்டுப் போறது சகஜம். கெட்டுப் போச்சுன்னு தெரிஞ்ச ஆளுக்கு அதை நிறுத்தும் அதிகாரம் இல்லாததுதான் அங்கே இரண்டு உயிரை வாங்கியது. இறந்தவர்கள் மணிக்கணக்கில் கூலி வாங்கியவர்கள் என்பதால் விபத்து இழப்பீடும் இல்லை. ஒரு மாதச் சம்பளமும் அடக்கச் செலவுக்கு 500 டாலரும் குடும்பத்துக்குக் கிடைத்தன.

பிப்ரவரி 12-ல் 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. முழு நேரம் உழைத்தும் அரசு உதவி வாங்கினால்தான் சாப்பாடு என்ற நிலையில் இருந்தவர்கள் அவர்களில் பலர். மேயர் ஹென்றி லோப் அசையவில்லை. அரசு ஊழியர் வேலைநிறுத்தம் சட்டவிரோதம், சங்கத்தை ஏற்க முடியாது என்றார். ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் கண்ணெரிச்சல் திரவத்தைப் பீய்ச்சியடித்தது.

ஜேம்ஸ் லாசன் என்ற போதகர் கிங்கைக் கூப்பிட்டார். கூட இருந்தவர்கள் வேண்டாம் என்றார்கள். தலைநகர் திட்டத்துக்கே ஆள் பத்தலை, இதுல இன்னொரு ஊரா? அவர் போனார். மார்ச் 18-ல் பெருங்கூட்டத்தில் பேசினார். மார்ச் 28-ல் அவர் முன்னால் நடந்த ஊர்வலம் கலவரத்தில் முடிந்தது. கடைக் கண்ணாடிகள் நொறுங்கின, 16 வயதுப் பையன் ஒருவன் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானான். அகிம்சை பேசும் ஆளால் ஓர் ஊர்வலத்தைக் கூட அடக்க முடியவில்லை என்று பத்திரிகைகள் கிழித்தன. மனுஷன் நொந்துபோனார். ஆனாலும் அமைதியாக இன்னொரு ஊர்வலம் நடத்திக் காட்டாமல் விடுவதில்லை என்று ஏப்ரல் 3-ல் திரும்பி வந்தார். அன்று இரவு புயல் மழை. களைப்பாக இருக்கிறது என்று கூட்டத்துக்கு நண்பர் அபர்நாதியை அனுப்பிவிட்டு அறையிலேயே இருந்தார். மழையிலும் வந்து காத்திருந்த ஜனங்கள் அவரைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று அபர்நாதி போன் பண்ணவும், கிளம்பிப் போய்ப் பேசினார். அதுவே கடைசிப் பேச்சு. மறுநாள் மாலை 6 மணி தாண்டியதும் லொரைன் மோட்டல் பால்கனியில் நின்றவரைக் குண்டு தாக்கியது. வயது 39.

ஏப்ரல் 8-ல் அவர் மனைவி கொரெட்டா அதே மெம்பிஸில் அந்த ஊர்வலத்தை நடத்தினார். பல்லாயிரம் பேர், சத்தமே இல்லாமல் நடந்தார்கள். ஜனாதிபதி ஜான்சன் அனுப்பிய தொழிலாளர் துறை அதிகாரி பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார். ஏப்ரல் 16-ல் நகராட்சி சங்கத்தை ஏற்றுக்கொண்டது, கூலியும் கூடியது.

அதுக்கப்புறம் நடந்தது இன்னும் கொஞ்சம் இருக்கு. 1970-ல் அமெரிக்கா பணியிடப் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது. மாநில அரசு, நகராட்சி ஊழியர்களுக்கு அந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. அந்தந்த மாநிலம் தனியாகத் திட்டம் வகுத்தால்தான் உண்டு. டென்னசி வகுத்தது. இன்று வரைக்கும் வகுக்காத மாநிலங்களும் இருக்கின்றன. மெம்பிஸ் தொழிலாளர்களுக்கு நகராட்சி ஓய்வூதியமும் இல்லாததால் பலர் தள்ளாத வயது வரை வேலை பார்த்தார்கள். 1968-ல் வேலையை நிறுத்தியவர்களில் உயிரோடு மிஞ்சியிருந்தவர்களுக்குத் தலா 50,000 டாலர் தருவதாக நகர நிர்வாகம் அறிவித்தது 2017-ல். அப்போதும் சிலர் அந்த வேலையில்தான் இருந்தார்கள்.