எல்லை கடத்தப்பட்ட எழுத்தாளர்

பாளையத்தில் நிற்கும் 'சுவதேசாபிமானி' இராமகிருஷ்ண பிள்ளையின் சிலையை நம்மில் பலர் பார்த்திருப்போம். 1957-இல் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் திறந்து வைத்த சிலை அது. மலையாள நண்பர்கள் அவரைப் பற்றிப் பெருமையோடு பேசுவர். அவருடைய பேனாவுக்கு இலக்கான திவான் சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர் என்று அறிந்ததும், தமிழ் மாணவனாகிய எனக்கு ஆவல் மிகுந்தது.

பிள்ளை 1878-இல் நெய்யாற்றின்கரையில் பிறந்தவர். மாணவராயிருக்கும்போதே பத்திரிகை ஆசிரியரானார், வீட்டார் வெறுத்தனர். வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905-இல் அஞ்சுதெங்கில் தொடங்கிய 'சுவதேசாபிமானி'க்கு அடுத்த ஆண்டே ஆசிரியரானார். மௌலவி பொருள் தந்தார், அச்சகம் தந்தார். எழுத்தில் மட்டும் தலையிடவில்லை. அத்தகைய முதலாளி எக்காலத்தும் அரியர்! 1907-இல் அச்சகம் திருவனந்தபுரத்துக்கு வந்தது.

அப்போது திவானாக இருந்தவர் பி. இராஜகோபாலாச்சாரி. இதழ் அதிகாரிகளின் கைக்கூலியைச் சாடியது. திவானின் ஆட்சிமுறையைச் சாடியது. அதோடு நின்றதா? இல்லை. அவருடைய அந்தரங்க ஒழுக்கத்தையும் மீண்டும் மீண்டும் சந்திக்கு இழுத்தது. இது கண்டனமா, தொல்லையா? பொது வாழ்வைத் தொடாத அந்தரங்கம் பத்திரிகைக்கு உரியதன்று என்பதே என் கருத்து. ஆனால் தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் இருந்ததே! அங்கே திவான் பழியை மறுத்திருக்கலாம். பிள்ளை சான்று காட்டியிருக்க வேண்டும். அந்த வழி அடைக்கப்பட்டது. 1910 செப்டம்பர் 26-இல் மூலம் திருநாள் மகாராஜாவின் ஆணை பிறந்தது. விசாரணை இல்லை. அச்சகம் பறிமுதலாயிற்று. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்மவர் பலர் கடக்கும் அதே ஆரல்வாய்மொழி வழியே அவரை எல்லை கடத்தினர்.

சிலையைச் சுற்றிப் பேசுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி ஒன்றுண்டு. அதே 1910-இல், புலையர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கத் திவானின் அரசு முனைந்தது. அதன் பின்னால் அய்யங்காளியின் நெடிய போராட்டம் இருந்தது. பிள்ளை எதிர்த்தார். அக்குழந்தைகளை மற்றவரோடு அமர்த்துவது குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போலாகும் என்று எழுதினார். திவானுக்கு மறுமொழி கூற அரசாங்கமே இருந்தது. எழுத்தறியவே வாசல் தட்டி நின்ற குழந்தைக்கு என்ன இருந்தது? எனக்குப் பொறுக்க முடியாத எழுத்து இதுதான். விந்தை பாருங்கள்: இதற்காக அவரை யாரும் எல்லை கடத்தவில்லை. கடத்தியிருந்தால் நியாயம் என்றும் நான் சொல்லேன்; அய்யங்காளி கேட்டதும் பள்ளியைத்தானே ஒழிய, பிள்ளைக்குத் தண்டனையை அன்று.

துணைவியார் கல்யாணி அம்மாவுடன் சென்னை, பாலக்காடு, கண்ணூர் என்று அலைந்தார் பிள்ளை. அலைச்சலுக்கிடையே 1912-இல் பத்திரிகைத் தொழில் பற்றி ஒரு நூலும், கார்ல் மார்க்சின் வாழ்க்கை வரலாறும் மலையாளத்தில் எழுதினார். காசநோய் அவரை வாட்டியது. 1916 மார்ச் 28-இல், முப்பத்தேழாம் வயதில், கண்ணூரில் காலமானார். பய்யாம்பலம் கடற்கரையில் அடக்கம் செய்தனர். திருவிதாங்கூருக்கு அவர் திரும்பவேயில்லை.