வழி திறந்த மாணவி

சமூகத்திற்கு நன்மை செய்யும் மாணவ மாணவியரைப் பாராட்டி இன்று பல விருதுகள் வழங்கப்படுகின்றன. நமது திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், சூரிய ஒளியால் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2020ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டின் குழந்தைகள் காலநிலைப் பரிசைப் பெற்றார். குழந்தைத் திருமணம் போன்ற தீமைகளை எதிர்க்கும் சிறுமியருக்கு நம் மாநில அரசும் விருது அளிக்கிறது. இத்தகைய விருதுகள் இல்லாத காலத்திலேயே, மாணவியாக இருந்து மாற்றத்தைத் தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். பள்ளிப் படிப்பை முடித்ததும் மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரி அது. பெண்ணைச் சேர்க்கக் கூடாது எனப் பலர் எதிர்த்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி அளித்தார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பதக்கங்கள் பல பெற்று, 1912இல் மருத்துவரானார்.

பதக்கங்களோடு அவர் நின்றுவிடவில்லை. 1927இல் சென்னைச் சட்டசபையில் இடம்பெற்று, அதன் துணைத் தலைவருமானார். பெண்களின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்று அங்கே வாதாடினார். சிறுமியருக்குக் கோயிலில் பொட்டுக் கட்டும் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அதற்கான சட்டம் 1947இல்தான் முழுமை பெற்றது. காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து 1930இல் பதவியைத் துறந்தார். புகலிடமின்றி வந்த சிறுமியருக்குத் தம் வீட்டிலேயே இடமளித்தார். அதுவே அவ்வை இல்லமாயிற்று. புற்றுநோயால் தங்கையை இழந்த துயரம், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக மலர்ந்தது. 1956இல் பத்மபூஷண் விருது அவரைத் தேடி வந்தது. 1968இல் மறைந்தார்.

ரமணாசிரமம் பகுதியிலிருந்து பள்ளிக்கு வரும் நாங்கள் இவ்வரலாற்றைப் படித்தபோது, எட்டாம் வகுப்பில் எங்களோடு இருந்து, இன்று வகுப்பில் இல்லாத தோழியரை நினைத்துக்கொண்டோம். சிலருக்குத் திருமணப் பேச்சும் தொடங்கிவிட்டது. அவர்களுக்காக ஆசிரியையரிடமும் பெற்றோரிடமும் துணிந்து பேசுவது நம் கடமையல்லவா? அதற்கு விருது கிடைக்காமல் போகலாம். ஒரு தோழி மீண்டும் பள்ளிக்கு வருவாள். அம்மையார் திறந்த வழி அடைபடாமல் காப்போமாக!