வாந்தி, பேதியில் குழந்தையின் குடலுக்குள் நடப்பது என்ன? 1959-லேயே விடை கண்ட சம்பு நாத் டே யார்?

மதுரை ராஜாஜி மருத்துவமனையோ, மேலூர், உசிலம்பட்டி அரசு மருத்துவமனையோ... வாந்தி, பேதியோட தூக்கிட்டு வர்ற குழந்தைக்கு டாக்டர் முதலில் பார்ப்பது, உடம்பில் தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைத்தான். ரோட்டா, நோரோ, அடினோ என எந்த வைரஸ் காரணமாக இருந்தாலும் பெரிய ஆபத்து அந்த நீரிழப்புதான். பேதியில் தண்ணீர் ஏன் இப்படிக் கொட்டுகிறது என்ற கேள்விக்கு, காலராவை வைத்து விடை கண்டவர் கொல்கத்தா டாக்டர் சம்பு நாத் டே.

1915-ல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் வசதியில்லாத குடும்பத்தில் பிறந்தவர். உதவித்தொகையில் மருத்துவம் படித்தார். 1949-ல் லண்டனில் முனைவர் பட்டம். ஊர் திரும்பியதும் கையில் எடுத்தது காலரா.

ராபர்ட் கோச் 1884-லேயே கொல்கத்தாவில் காலரா கிருமியை அடையாளம் கண்டுவிட்டார். ஆனா அது ஆளை எப்படிக் கொல்லுது என்பது 70 வருஷமா பிடிபடல. டே செய்த சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, நடுவில் கிருமியை ஊசியால் செலுத்தினார். அந்தப் பகுதி தண்ணீர் நிரம்பி பலூன் மாதிரி உப்பியது. பிறகு கிருமியை வடிகட்டி நீக்கிவிட்டு, அது வளர்ந்த திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்பவும் உப்பியது! அதாவது, தண்ணீரைக் குடலுக்குள் இழுப்பது கிருமி வெளியிடும் நச்சு. 1959-ல் 'நேச்சர்' இதழில் இது வெளியானது.

சரி, இதுக்கும் வைரஸுக்கும் என்ன சம்பந்தம்? டே ஓய்வு பெற்ற அதே 1973-ல், மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் பேதியால் அட்மிட்டான குழந்தைகளின் குடலில் ரோட்டா வைரஸைக் கண்டார்கள். அது குடல் செல்களை அழிப்பதோடு, நச்சு போலவே வேலை செய்யும் ஒரு புரதத்தையும் உண்டாக்குகிறது என்பது 1996-ல் தெரிந்தது.

வைரஸ் பேதிக்கு ஆண்டிபயாடிக் வேலை செய்யாது. ஆனா இந்த நிலையிலும் உப்பும் குளுக்கோஸும் சேர்ந்தால் குடல் தண்ணீரை உறிஞ்சும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் ரகசியம் இதுதான். தண்ணி கொடுத்தா இன்னும் போகும்னு நிறுத்தி வைப்பதுதான் குழந்தைக்கு ஆபத்து. ரோட்டா தடுப்பு சொட்டு மருந்து தமிழகத்தில் 2017 முதல் 6, 10, 14-வது வாரங்களில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கொடுக்கப்படுகிறது.

நோபல் பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், டே பெயரையும் நோபலுக்குப் பரிந்துரைத்தார். பரிசு வரவில்லை. 1978-ல் நோபல் கருத்தரங்குக்கு மட்டும் ஸ்வீடனிலிருந்து அழைப்பு வந்தது. 1985 ஏப்ரல் 15-ல் அவர் காலமானபோது, இந்திய அறிவியல் அகாடமிகளில் ஒன்றுகூட அவரை உறுப்பினராக்கியிருக்கவில்லை.