சொற்களின் பிறப்பைத் தேடியவர்

அகராதியில் ஒரு சொல்லுக்குப் பொருள் காண நமக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால், அச்சொல் எங்கே பிறந்தது, எப்போது ஆங்கிலத்தில் நுழைந்தது, அதன் பொருள் எவ்வாறு மாறியது என்பதைக் கண்டறிந்து தொகுக்க ஒருவர் தம் வாழ்வின் 36 ஆண்டுகளைச் செலவிட்டார். அவர்தாம் ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர் சர் ஜேம்ஸ் மரே.

மரே 1837ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் டென்ஹோம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தையல் தொழிலாளி. குடும்ப வறுமையால் 14ஆம் வயதில் மரேயின் பள்ளிப் படிப்பு நின்றது. கற்கும் ஆர்வம் நிற்கவில்லை. பல மொழிகளைத் தாமே முயன்று கற்றார். 17ஆம் வயதில் உதவி ஆசிரியரானார். பின்னர், நோயுற்ற மனைவியின் நலன் கருதி லண்டனுக்குக் குடிபெயர்ந்து, வங்கி எழுத்தராகப் பணியாற்றினார். அங்கே மனைவியை இழந்தபோதும் மொழியாய்வை அவர் கைவிடவில்லை. 1870இல் மில் ஹில் பள்ளியில் மீண்டும் ஆசிரியரானார்.

1879இல் அகராதிப் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பத்து ஆண்டுகளில் முடித்துவிடலாம் என அனைவரும் நம்பினர். நூல்களைப் படித்து, ஒரு சொல் பயன்படுத்தப்பட்டுள்ள வாக்கியத்தைச் சீட்டில் எழுதி அனுப்புமாறு மரே பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். சீட்டுகள் இலட்சக்கணக்கில் வந்து குவிந்தன. அவற்றை அடுக்கி ஆராய ஓர் இரும்புக் கொட்டகையை அமைத்தார். அவருடைய பிள்ளைகளும் சீட்டுகளை அகர வரிசைப்படுத்த உதவினர். 1885இல் அவர் ஆக்ஸ்ஃபர்டுக்கு மாறிய பிறகு, அஞ்சல் துறை அவரது வீட்டுக்கு முன்பாகவே ஓர் அஞ்சல் பெட்டியை நிறுவியது.

ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு வரலாறு ஒளிந்திருந்தது. வேட்பாளரைக் குறிக்கும் ‘கேண்டிடேட்’ என்ற சொல், வெண்மை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பண்டைய ரோமில் பதவி நாடியவர்கள் வெள்ளாடை அணிந்ததே அதற்குக் காரணம். பேரழிவைச் சுட்டும் ‘டிசாஸ்டர்’ என்ற சொல்லுக்குள் ஒரு விண்மீன் இருக்கிறது. தீய கோளால் துன்பம் வரும் என்பது அக்கால நம்பிக்கை. ‘கேட்டமரான்’ நம் கட்டுமரம். ‘அமோக்’ மலாய்ச் சொல்.

இவ்வாறு ஆராய்ந்ததால் பணி மெதுவாகவே நகர்ந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1884இல் வெளிவந்த முதல் பகுதி, எறும்பைக் குறிக்கும் ‘ஆண்ட்’ என்ற சொல்லோடு முடிந்தது. பதிப்பகத்தார் விரைவுபடுத்தினர். மரேயோ வேகத்திற்காகத் தரத்தைக் குறைக்க மறுத்தார். அத்துணை கவனத்திற்கிடையிலும் ஒரு சொல் தவறிப்போனது. அடிமைப் பெண்ணைக் குறிக்கும் ‘பாண்ட்மெய்ட்’ என்ற சொல்லுக்குரிய சீட்டுகள் காணாமற்போனதால், அச்சொல் அகராதியில் இடம்பெறவில்லை. 1933இல் வெளிவந்த பின்னிணைப்பில்தான் அது சேர்க்கப்பட்டது.

1908இல் அவருக்குச் ‘சர்’ பட்டம் வழங்கப்பட்டது. 1915ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், தம் 78ஆம் வயதில் மரே காலமானார். அப்போது அவர் ‘டி’ எழுத்துச் சொற்களில் ஈடுபட்டிருந்தார். அவர் வகுத்த முறையிலேயே மற்றப் பதிப்பாசிரியர்கள் பணியைத் தொடர்ந்து, 1928இல் அகராதியை நிறைவு செய்தனர். அதில் 4 இலட்சத்திற்கும் மேற்பட்ட சொற்கள் இடம்பெற்றன. முழுமை பெற்ற அகராதியைக் காணும் வாய்ப்பு மரேக்குக் கிட்டவில்லை. எனினும், அதன் ஏறத்தாழ பாதிப் பக்கங்கள், 14ஆம் வயதில் பள்ளியை விட்டு விலகிய அந்தத் தையல் தொழிலாளியின் மகனுடைய உழைப்பில் உருவானவை.