தன் தொண்டைக்குள்ளேயே எட்டிப் பார்த்தவர்

கல்சுரல்ஸ் முடிஞ்ச மறுநாள் காலையில ஹாஸ்டல் மெஸ்ஸைக் கவனிச்சிருக்கீங்களா? பாதிப் பேருக்குக் குரலே இருக்காது. வெறும் காத்துதான் வரும், சைகையிலதான் சாம்பார் கேட்பாங்க. ரெண்டு நாள் வெந்நீர் குடிச்சா சரியாயிடும். சரியாகவே ஆகலைன்னா? அதுவும் பாட்டுதான் சோறு போடுதுங்கிற வீட்டில் பிறந்தவருக்கு, வாழ்க்கை தொடங்குற வயசிலேயே அப்படி ஆனா?

மனுவேல் கார்சியாவுக்கு அதுதான் நடந்தது.

1805-இல் ஸ்பெயினில் பிறந்தவர். அவருடைய அப்பா பேரும் மனுவேல் கார்சியாதான், அதனால குழம்பிடாதீங்க. அப்பா அந்தக் காலத்து ஓபரா நட்சத்திரம். இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினி தன்னுடைய 'பார்பர் ஆஃப் செவில்' ஓபராவில் ஒரு முக்கியப் பாத்திரத்தை அவர் குரலுக்காகவே எழுதினார். 1825-இல் அப்பா மொத்தக் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு நியூயார்க் போனார். அங்கே அதே ஓபராவில் அப்பா, அம்மா, தங்கை மரியா, நம்ம ஆள் என நாலு பேரும் மேடையேறினார்கள். அவருக்கு அப்போ இருபது வயசு. தங்கை மரியா பிறகு மாலிப்ரான் என்ற பெயரில் ஐரோப்பாவையே கிறங்கடித்தவர். இன்னொரு தங்கை பாலினும் பெரிய பாடகி ஆனார்.

அண்ணன் குரல் மட்டும் தாங்கலை. பக்குவப்படாத குரல் மேல் அளவுக்கு மீறின சுமை. சில வருஷங்களிலேயே அவர் மேடையை விட்டு விலகிட்டார்.

வீட்டில் மத்தவங்க எல்லாரும் கைத்தட்டல் வாங்கிக்கொண்டிருக்கும்போது, நீங்க மட்டும் பாட முடியாமல் உட்கார்ந்திருப்பதை யோசிச்சுப் பாருங்க. நாமா இருந்தா வேற வேலை தேடியிருப்போம். இவர் தன் குரல் ஏன் போச்சு என்கிற கேள்வியை விடவே இல்லை. 1830-இல் அல்ஜீரியா போன பிரெஞ்சுப் படையோடு போனார். திரும்பி வந்து ராணுவ மருத்துவமனைகளில் குரல்வளையின் அமைப்பைப் படித்தார். கோழி, ஆடு, மாட்டின் குரல்வளைகளை வீட்டுக்கே எடுத்து வந்து, துருத்தியால் காற்றடித்து அவற்றைச் சத்தம் போட வைப்பாராம். பக்கத்து வீட்டுக்காரங்க நிலைமையை நினைச்சா பாவமாத்தான் இருக்கு.

இப்படிப் படித்ததை எல்லாம் சேர்த்து 1840-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் மனிதக் குரல் பற்றி ஒரு ஆய்வுரை கொடுத்தார். அதற்கு அடுத்த வருஷம் ஸ்வீடனிலிருந்து ஜென்னி லிண்ட் என்ற இளம் பாடகி அவரைத் தேடி வந்தார். ஓயாமல் பாடிப் பாடிக் குரல் தேய்ந்து போயிருந்தது. கார்சியா உடனே பாடம் ஆரம்பிக்கலை. சில வாரங்கள் ஒரு ஸ்வரம்கூடப் பாடக்கூடாது, பேச்சையும் குறைக்கணும்னு சொல்லி அனுப்பிட்டார். ஓய்வுக்கு அப்புறம்தான் மூச்சிலிருந்து எல்லாத்தையும் புதுசா சொல்லிக்கொடுத்தார். லிண்ட் பிறகு உலகப் புகழ் பெற்றார். முதலில் குரலுக்கு ஓய்வு, பிறகு பழக்கத்தைத் திருத்துவது: இன்றைக்குக் குரல் சிகிச்சை கொடுப்பவர்களும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் போறாங்க. தனக்குக் கிடைக்காத வைத்தியத்தை அடுத்தவருக்குக் கொடுத்தார் என்றுதான் எனக்குத் தோணுது.

1848-இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் பேராசிரியர் வேலை. ஆனா ஒரு குறை மட்டும் அவரை அரிச்சுக்கிட்டே இருந்தது. அதுவரை பார்த்ததெல்லாம் செத்த குரல்வளைகள். ஓடாத இன்ஜினைப் பிரிச்சு வச்சு, அது எப்படி ஓடும்னு ஊகிக்கிற மாதிரி. உயிருள்ள தொண்டை பாடும்போது உள்ளே என்னதான் நடக்குது?

1854-இல் விடுமுறைக்குப் பாரிஸ் போயிருந்தபோது, வெயில் கண்ணாடியில் பட்டுத் தெறிப்பதைப் பார்த்ததும் பொறி தட்டியது. நேரே ஷாரியே என்ற மருத்துவக் கருவிக் கடைக்குப் போனார். நீளமான கைப்பிடி வைத்த ஒரு சின்னப் பல் வைத்தியக் கண்ணாடி, யாரும் வாங்காமல் கிடந்தது. விலை ஆறு பிராங்க். வீட்டுக்கு வந்து அதை வெந்நீரில் சூடாக்கித் துடைத்தார், மூச்சுக்காற்றில் ஆவி படியாமல் இருக்க. உள்நாக்கை ஒட்டி அதைச் சாய்த்து வைத்தார். இன்னொரு கையில் முகம் பார்க்கும் கண்ணாடி. அதால் சூரிய ஒளியை வாய்க்குள் திருப்பினார். நமக்கெல்லாம் அந்த இடத்தைத் தொட்டாலே குமட்டிக்கிட்டு வரும். அவருக்கு அது தாங்கியது. திறந்து மூடும் தன் சொந்தக் குரல் நாண்களை அவரே பார்த்தார்.

இதில் ஒண்ணைச் சொல்லியாகணும். லண்டனில் பாபிங்டன் என்ற மருத்துவர் 1829-லேயே கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு கருவி செய்து காட்டியிருந்தார். ஆனா பாடும்போது நாண்கள் எப்படி அசைகின்றன என்று உட்கார்ந்து பார்த்து, குறித்து வைத்தது கார்சியாதான். குரல் பிறக்கும் இடம் அந்த நாண்கள்தான், அவை காற்றைச் சின்னச் சின்ன வீச்சுகளாக வெட்டி விடுகின்றன என்று எழுதினார். அது 1855-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது.

டாக்டர்கள் முதலில் கண்டுக்கவே இல்லை, பாட்டு வாத்தியார்தானே என்று. 1857-இல் வியன்னாவில் டுர்க் என்ற மருத்துவர் நோயாளிகளிடம் கண்ணாடியைப் பயன்படுத்திப் பார்த்தார். வெயிலை நம்பியதால் குளிர்காலம் வந்ததும் நிறுத்திட்டார். அவரிடம் கண்ணாடியை இரவல் வாங்கிய செர்மாக், விளக்கு வெளிச்சத்தைக் குழியாடியால் குவித்து உள்ளே அனுப்பினார். வேலை முடிந்தது! அப்புறம் யார் முதல் என்று ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. அந்தச் சண்டையில் கார்சியா இல்லை. அவர் லண்டனில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். 1862-இல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகம் அவருக்கு மருத்துவத்தில் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

அவர் சொன்னது எல்லாமே நல்லதாக முடிந்தது என்றும் இல்லை. குரல் நாண்களைச் சுத்தமாக மூடிவிட்டு ஸ்வரத்தைத் தொடங்கணும்னு எழுதினார். அதை முட்டி மோதித் தொடங்கணும்னு பலர் புரிந்துகொண்டு பாட, பழி அவர் மேல் வந்தது. வருஷக்கணக்கில் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

1895 வரை அகாடமியில் இருந்தார். அதற்குப் பிறகும் வீட்டில் மாணவர்கள் வந்தபடிதான் இருந்தார்கள். 1905 மார்ச் 17, அவருடைய நூறாவது பிறந்தநாள். பிறந்தநாள் நாயகரே நேரில் இருக்க, லண்டனில் விழா நடந்தது. அரசர் ஏழாம் எட்வர்ட் அரண்மனைக்கு அழைத்து விருது கொடுத்தார். பல நாட்டுத் தொண்டை மருத்துவர்கள் வாழ்த்த, ஓவியர் சார்ஜென்ட் வரைந்த அவருடைய படத்தைப் பரிசளித்தார்கள். அடுத்த வருஷம் ஜூலை 1-ஆம் தேதி, 101 வயதில் காலமானார்.

இப்போ மூக்கு வழியா கேமரா விட்டே குரல் நாண்களையும், சாப்பாடு சரியா இறங்குதான்னும் பார்த்துடறாங்க. ஆனாலும் என்றைக்காவது ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் அந்தச் சின்ன வட்டக் கண்ணாடியைக் கையில் எடுத்தா, உங்க வாய்க்குள் வைப்பதற்கு முன்னாடி என்ன பண்றார்னு கவனிங்க. லேசாச் சூடு பண்ணுவார்.