குரோஷா வேலையை அச்சேற்றிய அம்மையார்

குரோஷா ஊசி பிடிக்கும் நாம் நன்றியுடன் நினைக்க வேண்டியவர் எலியனோர் ரியேகோ டி லா பிராஞ்சார்டியேர் அம்மையார். 1828-இல் பிறந்த இவருக்குத் தந்தை பிரெஞ்சுக்காரர். தாய் அயர்லாந்துப் பெண்மணி. 1846-இல், 18 வயதளவில், தம் முதல் கைவேலை நூலை வெளியிட்டார். பின்னர் 70-க்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார்.

1845-இல் தாயின் நாட்டில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிந்தது. பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். அந்நாள்களில் கார்க் நகரையடுத்த பிளாக்ராக்கில் உர்சுலைன் கன்னியர் ஏழைச் சிறுமியருக்குக் குரோஷா கற்பித்தனர். விலையுயர்ந்த வெனிஸ் லேஸைப் போன்ற வேலையைக் கொக்கி ஊசியால் செய்யும் முறையை அம்மையாரின் நூல்கள் பரப்பின. ஒரு ஊசியும் நூற்கண்டும் பல வீடுகளில் அடுப்பெரியச் செய்தன. 1851-இல் லண்டன் பொருட்காட்சியில் பதக்கம் பெற்ற அம்மையார் 1887-இல் மறைந்தார்.

புத்தகம் வழிகாட்டும்; அளவோ நம்முடையது. பாவாடை பின்னுமுன் சிறு சதுரம் ஒன்று பின்னிப் பார்ப்போம். 10 செ.மீ.க்கு 20 கண்ணி வந்தால், 70 செ.மீ. இடுப்புக்கு 140 கண்ணி. கீழே வரவர உடலளவுக்கேற்பக் கண்ணிகளைக் கூட்டினால் பாவாடை பொருத்தமாக அமையும். பொறுமையாக எண்ணக் கற்ற கை, என்றும் வெறுங்கை ஆகாது.